மேசைக்குப் பின்னால் இருந்த கரும்பலகை

போன வாரம் உங்கள் மாதிரிப் பாடத்தைப் பார்க்க என்னை அழைத்திருந்தீர்கள். பின்சுவர் ஓரமாக எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் துண்டை வேறு விரித்து வைத்திருந்தீர்கள். நான் "நாற்காலி வேண்டாம், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றதும் சிலர் சிரித்தீர்கள். வயதானால் இப்படித்தான் என்று ஒருவர் இன்னொருவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு முழங்காலில்தான் கோளாறு, காதில் இல்லை. ரிட்டையரான மனுஷி ஒருத்தி முனகிக்கொண்டு ஏன் தரையில் உட்கார்ந்தாள் என்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கதை பழையது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் வள்ளியூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தினியாக, உங்கள் பேச்சில் டீச்சராக, இருந்தேன். முதல் ஜெர்மன் சண்டை இன்னும் தொடங்கவில்லை. எங்களுக்கு உபாத்திமார் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவோம். அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்கள் முன்னால் ஒரு பாடம் நடத்துவார். முடிந்ததும் மற்றவர்கள் நிறை குறை சொல்வார்கள். அதற்குக் கிரிட்டிசிசம் என்று பெயர். ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வதற்காக ஏற்பட்ட காரியம். நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நாங்கள் அதை நடத்திய அழகு வேறு விஷயம்.

நிறை குறை சொல்ல வரிசை உண்டு, சம்பளத்தில் பெரியவர் முதலில். எங்கள் தலைவர் திருநெல்வேலி டவுணில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருடைய பேரப்பிள்ளைகள் இதே தொழிலில் இருக்கிறார்கள். சரிகைத் தலைப்பாகை, மூடிய கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. "குரல் நன்றாக இருந்தது, ஆனால் இன்னும் சற்று உயர்ந்திருக்கலாம்" என்பார். அடுத்தவர், குரல் உயர்ந்திருக்கலாம் என்று தலைவர் சொன்னது மிகவும் சரி என்பார். அதற்கடுத்தவர், பெரியவர்கள் இருவரும் சொன்ன பிறகு தமக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்பார். இப்படியே இறங்கி வந்து கடைசியில் உபாத்தினிகள் முறை வரும். அந்தச் சமயம் பார்த்து உளுந்தவடைத் தட்டும் வந்துவிடும். அந்தச் சங்கத்தில் நான் பேசியதையெல்லாம் ஆட்கள் வடையை மெல்லுகிற சத்தத்துக்கு நடுவேதான் பேசியிருக்கிறேன்.

உட்காருவதிலும் அதே கிரமம்தான். ஆண்களுக்குப் பின்சுவர் ஓரமாகப் பெஞ்சு. உபாத்தினிகள் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருவதாவது? எங்களுக்கென்று தனியாக நாற்காலி போடலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஆகவே பிள்ளைகளின் பாயில், பெண்பிள்ளைகள் ஓரத்தில் எங்களுக்கு இடம். பாளையங்கோட்டையில் படித்துப் பட்டம் வாங்கி வந்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ஏசுவடியான் என்று ஒருவர். நாங்குநேரிக்குக் கிழக்கே குளத்தங்கரை ஊர் ஒன்றில் அவர் பள்ளிக்கூடம். ஒரே நீள அறை, ஒரே வாத்தியார். குள்ளமான மனுஷர், அதட்டிப் பேச வராது. பிள்ளைகள் அவரென்றால் உயிரை விடும். எல்லாம் பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகள், வயலில் கூலிவேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை. பக்கத்து ஊரில் பெரிய பள்ளிக்கூடம் இருந்தது, அதற்குப் போகத் தெருவும் இருந்தது. அந்தத் தெருவில் இந்தப் பிள்ளைகளை நடக்க விடமாட்டார்கள்.

டில்லியில் புதுச் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு விழா நடந்ததல்லவா, அப்போது ஊரூராகப் பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுத்தார்கள், கொடி பிடித்து ஊர்வலம் போனோம். ஏசுவடியானுடைய ஊர் மிராசுதார் அதற்கும் ஒருபடி மேலே போனார். ஒரு தேக்கு மேசையும், கண்ணாடிச் சட்டம் போட்ட சக்கரவர்த்தி படம் ஒன்றும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். படம் சின்னப் படமில்லை. மேசையைக் கரும்பலகைக்கு முன்னால் போட்டு, படத்தை அதன்மேல் நிமிர்த்தி வைத்து, மாலை போட்டு, எல்லோரும் கும்பிட்டார்கள். வைத்தது வைத்ததுதான். நம் ஜில்லாவில் கலெக்டர் துரையைச் சுட்டுக்கொன்ற சூடு ஆறாத சமயம் அது, போலீஸ்காரர்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம், அதிலும் நாலெழுத்துப் படித்தவன் மேல் கூடுதல் கண். சக்கரவர்த்தி படத்தை ஒருவன் இருந்த இடத்திலிருந்து எடுத்தான் என்றால், எதற்கு எடுத்தான் என்று விசாரிக்க ஆள் வந்துவிடும்.

விழாவெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். முந்திய வருஷம் இந்தப் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர். இந்தத் தடவை, பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை, நெளிந்துகொண்டே இருக்கிறார்கள், பதில் வரவில்லை என்று எழுதினார். மறுபடியும் இப்படி இருந்தால் சர்க்கார் கொடுக்கிற கிராண்டுப் பணத்தை நிறுத்தச் சொல்லி எழுதுவேன் என்றும் சொன்னார். கிராண்டு நின்றால் பள்ளிக்கூடம் மூடவேண்டியதுதான். ஏசுவடியான் மலைமேல் ஏதாவது எஸ்டேட்டுக்குக் கணக்குப்பிள்ளையாகப் போக வேண்டும், பிள்ளைகள் பனங்காட்டுக்கும் வயலுக்கும் போக வேண்டும்.

அவர் என்னிடம் வந்து சொன்னார்: "அக்கா, நான் என்னத்த மாத்தினேன்னே தெரியல. அதே பாடம், அதே பிள்ளைய. கழுத்த அங்கன சாய்க்குது, இங்கன சாய்க்குது. எனக்குத்தான் சொல்லிக் குடுக்கத் தெரியாமப் போச்சோன்னு பயமா இருக்கு."

"சங்கத்துல கேளுங்க தம்பி. அதுக்குத்தான சங்கம் வச்சிருக்கோம்" என்றேன். எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

அந்த மாதம் சங்கம் அவருடைய பள்ளிக்கூடத்தில் கூடியது. எனக்குக் குளிர்காய்ச்சல், போகவில்லை. நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெஞ்சு நிறையத் தலைப்பாகைகள் உட்கார்ந்து, பிள்ளைகள் ஏன் நெளிகின்றன என்று ஆராய்ந்திருக்கின்றன. பனங்கிழங்கு அதிகம் தின்பதால் வயிற்றில் வாயு என்றார் ஒருவர். தகப்பன்மார் கள் குடிக்கிறார்கள், ரத்தத்தில் வந்துவிட்டது என்றார் இன்னொருவர். வாத்தியார் உயரம் போதாது, தலைப்பாகையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டலாம் என்றார் மூன்றாமவர். கடைசியில் தலைவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார்: கவனம் கழுத்தில் இருக்கிறது, கழுத்து ஆடினால் மனமும் ஆடும், கழுத்தை நிறுத்தினால் மனமும் நிற்கும். அன்றுமுதல் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை நேராக வைத்திருக்க வேண்டும், சாய்த்தால் பிரம்படி. இதற்கு நேர்கழுத்து முறை என்று பெயரும் வைத்தார்கள். வடை அன்று மிக நன்றாக இருந்ததாம்.

அதற்கு அடுத்த கூட்டத்தையும், முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக, அங்கேயே வைத்தார்கள். நான் போனேன். வழக்கம்போலப் பாயில், முன்வரிசையில், பொன்னுத்தாய் என்ற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏசுவடியான் அன்று நம் ஆற்றைப் பாடமாக எடுத்தார். கரும்பலகையில் தாமிரபரணியை வரைந்துகொண்டே கேள்வி கேட்டார்.

பொதிகை மலையின் நுனி எனக்குத் தெரிந்தது. அங்கே புறப்பட்ட ஆறு கொஞ்ச தூரம் வந்து சக்கரவர்த்தியின் தோளுக்குப் பின்னால் போய் மறைந்தது. சிற்றாறு எங்கே வந்து சேருகிறது, காட்டுங்கள் என்றார். எனக்குத் தெரிந்தவரை அது சக்கரவர்த்தியின் பதக்கங்களுக்குப் பின்னால் எங்கேயோ சேர்ந்துகொண்டிருந்தது. ஏசுவடியானைக்கூட அரைகுறையாகத்தான் தெரிந்தது. படத்துக்கு மேலே ஒரு தலைப்பாகை அங்குமிங்கும் போய் வந்தது.

நான் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தேன். பெஞ்சு உயரத்தில், அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குப் பலகை நன்றாகவே தெரிந்தது. தலைவர் ஆற்றைப் பார்த்துத் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து ஆடியதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் பக்கத்தில் பொன்னுத்தாய் பைய இடதுபக்கமாகத் தலையைச் சாய்த்தாள். பிரம்பு அவள் தோளில் விழுந்தது. இந்த முறை வருவதற்கு முன் எந்தப் பிள்ளையையும் தொட்டு அறியாத மனுஷர் ஏசுவடியான். அவர் முகத்தைப் பார்த்தால் அவரை யாரோ அடித்த மாதிரி இருந்தது. அவர் திரும்பிப் பலகைப் பக்கம் போனதும் அந்தப் பிள்ளை மறுபடியும் சாய்ந்தாள்.

"வலிக்கலியாட்டி?" என்றேன் மெதுவாக.

"வலிக்கத்தான் செய்யுது. ஆத்தப் பாக்கணும்லா டீச்சர்" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறு நிமிஷம் கோபம் வந்தது. இந்தப் பிள்ளைகள் நெளிந்ததெல்லாம் பாடத்தைப் பார்ப்பதற்காக. கவனமில்லாத பிள்ளை ஏன் சாயப்போகிறது, சும்மா நேராக உட்கார்ந்து வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு சங்கமே கூடி, யோசித்து, பிரம்பைக் கொடுத்து, அந்தக் கவனத்தை அடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது. வடையும் வந்தது. நான் எழுந்து நின்று, "பிள்ளைகளுக்குப் பலகை தெரியவில்லை, மேசையையும் படத்தையும் நகர்த்த வேண்டும்" என்றேன். மெல்லுகிற சத்தம் நின்றது. அந்தச் சங்கத்தில் என் பேச்சுக்கு அப்படி ஓர் அமைதி கிடைத்தது அன்றுதான்.

"படத்த எடுக்கணும்னு சொல்லுதிய. எடுத்து எங்கன வைக்க அம்மா, தரையிலயா?" என்றார் தலைவர்.

"பலகைய எதிர்ச் சுவருக்கு மாத்தி, பிள்ளையள அங்கன பாத்து உக்கார வச்சா என்ன சார்வாள்?" என்றார் ஒரு சின்ன வாத்தியார்.

"சக்கரவர்த்திக்கு முதுகக் காட்டிக்கிட்டா?" என்றார் தலைவர்.

"அப்ப பக்கச் சுவரப் பாத்து?"

தலைவர் உண்மையாகவே யோசித்தார். "பக்கவாட்டுல உக்காந்தா பாதி முதுகு தெரியும்லா வே" என்றார். பாதி முதுகு எவ்வளவு மரியாதைக் குறைவு என்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் விடவில்லை. "யாராவது ஒருத்தர் வந்து இந்தப் பாயில உக்காந்து பாருங்களேன், சந்தேகம் தீந்துரும்" என்றேன். ஒருவருக்குக் கஞ்சி போட்ட வேட்டி, ஒருவருக்கு முட்டியில் வாதம், ஒருவருக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. "வடை ஆறுது, எடுத்துக்கிடுங்க" என்று தலைவர் கூட்டத்தை முடித்துவைத்தார்.

எல்லோரும் போன பிறகு ஏசுவடியான் மட்டும் வந்து பாயில் உட்கார்ந்தார். நேராகப் பார்த்தார். இடதுபக்கம் சாய்ந்து பார்த்தார், வலதுபக்கம் சாய்ந்து பார்த்தார். "இதுக்கா அக்கா அடிச்சேன்" என்றார். எழுந்து போய்ப் படத்தின் சட்டத்தில் கையை வைத்தார். வாசலில் கிராம முன்சீப்பின் குரல் கேட்டது: "என்ன வே வாத்தியாரே, அதுல எதுக்குக் கைய வைக்கீரு?" மாலை வாடியிருக்கிறது, மாற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏசுவடியான் கையை எடுத்துக்கொண்டார். பிரம்பை மட்டும் அன்றே அடுப்பில் வைத்துவிட்டார். ஆனால் பிள்ளைகளுக்குப் பயம் போகவில்லை, அவர் அடிக்காவிட்டாலும் தலையை நேராகவே வைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளைச் சொல்கிறேன். நேர்கழுத்து முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு, சங்கத்தாரையும் வரச் சொல்லியிருந்தார். தலைவர் முன்னாலேயே வந்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்குப் பெஞ்சில் நடு இடம், எனக்குப் பாய். ஏசுவடியான் மறுபடியும் ஆற்றை வரைந்தார். அன்று தாமிரபரணி வழக்கத்தைவிட அதிகமாக வளைந்து ஓடியது. கேள்வி கேட்டார். வகுப்பு முழுக்கச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது, பதில் இல்லை. இன்னொரு கேள்வி. அதற்கும் இல்லை. பின்னால் இன்ஸ்பெக்டர் மைக்கூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது.

அந்த நிமிஷம் வரை என்னிடம் ஒரு யோசனையும் கிடையாது. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும், அதைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அப்போது ஏசுவடியான், இன்னொரு தரம் வரையலாம் என்று நினைத்துப் பலகையைத் துடைத்தார். தூள் பறந்து படத்தின்மேல் படிந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, சக்கரவர்த்தி தாடியில சாக்பீஸ் தூள் விழுது" என்றேன்.

"என்னம்மா சொல்கிறீர்கள்?" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.

"பலகைய எத்தன தடவ துடைக்காங்களோ அத்தன தடவையும் மகாராஜா முகத்துலதான் விழுது. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க மனசு வரல."

மக்களே, அப்படி ஒரு வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முட்டியில் வாதம் உள்ளவர் பெஞ்சைத் தாண்டி வந்தார். கஞ்சி வேட்டிக்காரர் தம் அங்கவஸ்திரத்தாலேயே கண்ணாடியைத் துடைத்தார். "போன மாசமே சொன்னேன், இந்த இடம் சரியில்லன்னு" என்றார் தலைவர். சக்கரவர்த்தியை மிக மரியாதையாகத் தூக்கிப் பக்கச் சுவரில் உயரமாக ஆணியடித்து மாட்டினார்கள். கீழே இறக்கத்தான் எல்லோருக்கும் பயம், மேலே ஏற்றுவதற்கு ஒருவருக்கும் தயக்கமில்லை. வெறும் மேசை நின்றது. இன்ஸ்பெக்டர் மடியில் வைத்து எழுதிக் கஷ்டப்படுகிறாரே என்று நான் சொன்னதும் அதையும் தூக்கிப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள்.

ஏசுவடியான் ஆற்றை மறுபடி வரைந்தார். இந்தத் தடவை மலையிலிருந்து கடல்வரை முழுசாக ஓடியது. சிற்றாறு எங்கே சேருகிறது என்றார். அத்தனை கைகளும் எழுந்தன. பொன்னுத்தாய் எழுந்து போய்ப் பலகையில் விரலை வைத்து, "சீவலப்பேரிகிட்ட சார்" என்றாள். ஏசுவடியான் அவள் விரல் வைத்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

பள்ளிக்கூடம் பிழைத்தது. அவரும் பிழைத்தார். இன்ஸ்பெக்டர் என்ன எழுதினார் தெரியுமா? நேர்கழுத்து முறையினால் பிள்ளைகளின் கவனம் வியக்கத்தக்க விதமாகத் திருந்தியிருக்கிறது, தாலுகாவில் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அடுத்த கூட்டத்தில் தலைவருக்கு மாலை போட்டோம். மாலையைக் கட்டிக்கொண்டு போனது நான். அதன்பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில், பலகை நன்றாகத் தெரிகிற பிள்ளைகளும் தெரியாத பிள்ளைகளும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்து அடி வாங்கின.

ஏசுவடியானும் நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து வேறு ஒன்று செய்தோம். சங்கம் கூடாத சனிக்கிழமைகளில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு மற்றவர்கள் போவோம். ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர்கள் பாயில் உட்காருவோம், வேறு வேறு மூலைகளில். ஒரு பள்ளிக்கூடத்தில் காலை வெயில் நேரே பிள்ளைகள் கண்ணில் அடித்தது. இன்னொன்றில் கடைசி வரிசைக்குப் பக்கத்து வீட்டு உரல் சத்தம்தான் கேட்டது, வாத்தியார் கேட்கவில்லை. என் வகுப்பில், நான் வலதுபக்கத்துப் பிள்ளைகளைத் திரும்பியே பார்ப்பதில்லை என்று ஏசுவடியான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது, அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு திரும்பிப் பார்க்கப் பழகினேன். தலைவருக்கும் விஷயம் எட்டி, ஒருமுறை அவரும் வந்தார். வரும்போது தம்முடைய நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். உங்கள் பாடம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்திருக்கும். நான் பாதிதான் பார்த்தேன். ராஜ்யம் மாறி, சுவரில் இருந்த படங்களும் மாறிவிட்டன. ஆனால் பலகைக்கு முன்னால் மேசை இருக்கிறது, ஏதோ விழாவுக்கு வைத்த படம் அதன்மேல் இருக்கிறது, மாலை முன்னைவிடப் பெரிய மாலை. என் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை ஓயாமல் இடதுபக்கம் சாய்ந்துகொண்டே இருந்தாள். உங்களில் ஒருவர் பின்னாலிருந்து "ஏட்டி, தலைய நேரா வை" என்று அதட்டினீர்கள். அவள் நேராக வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்விக்கும் கை தூக்கவில்லை.

தூள் விழுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நீங்களும் படத்துக்காக ஓடிவந்து தூக்கியிருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பலகை தெரியவில்லை. அதை மட்டும் சொல்கிறேன், இந்தத் தடவை அதற்கு எத்தனை பேர் எழுந்து வருகிறீர்கள் என்று பார்க்கலாம்.